தொகுதிக் குறைகளைப் பேரவைக்குக் கொண்டு செல்லுதல்

கிராமப்புறத் தொகுதி ஒன்றின் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் சேரும் மனுக்களைப் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலானவை நான்கு பொருள்களில் அடங்கிவிடும்: வேளாண்மை, நிலம், உதவித்தொகை, சாலை. கொள்முதல் நிலையத்தில் நெல் நனைந்து முளைவிடுகிறது. பட்டாவில் பக்கத்து நிலத்துக்காரர் பெயர் ஏறியிருக்கிறது. முதியோர் பணம் நின்றுபோயிருக்கிறது. மழைக்குப் பிறகு ஊருக்குள் பேருந்து வருவதில்லை. மனு கொடுப்பவருக்கு இவை எல்லாமே எம்.எல்.ஏ. ஒரு வார்த்தை சொன்னால் நடந்துவிடும் காரியங்கள். உண்மையில் இவற்றில் ஒரு பகுதி வட்டாட்சியரின் கையெழுத்தோடு முடியும். ஒரு பகுதிக்கு அரசாணை வேண்டும். ஒரு பகுதி மாநில அரசின் கையிலேயே இல்லை. எந்தக் குறை எந்த மேசையில் நிற்கிறது என்று கண்டறிவதுதான் உறுப்பினரின் வேலையில் பாதி. அதைச் செய்யாமல் எழுந்து பேசினால் பேச்சு அவைக்குறிப்பில் ஏறும். சாலை அப்படியே கிடக்கும்.

அரசியலமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணை முதல் வழிகாட்டி. வேளாண்மை மாநிலப் பட்டியலின் 14-ஆவது இனம்; நிலம் 18; சாலைகளும் பாலங்களும் 13. முதியோர் ஓய்வூதியம் பொதுப் பட்டியலின் 24-ஆவது இனத்தில் வருகிறது. ஆகவே அதில் ஒன்றிய அரசின் பங்கும் மாநில அரசின் பங்கும் கலந்திருக்கும். தேசிய நெடுஞ்சாலைகள் ஒன்றியப் பட்டியலைச் சேர்ந்தவை. தமிழ்நாட்டில் சட்டமன்ற மேலவை 1986-இல் நீக்கப்பட்டதால், மாநிலப் பொருள் எதுவானாலும் பேசுவதற்கு இருப்பது 234 உறுப்பினர்கள் கொண்ட பேரவை ஒன்றுதான். அதுவும் ஆண்டில் கொஞ்ச நாட்களே கூடுகிறது. அந்த நாட்களில் ஓர் உறுப்பினருக்குக் கிடைக்கும் நிமிடங்களைத் தாசில்தாரிடம் முடிய வேண்டிய மனுவுக்குச் செலவிடுவது வீண்.

மனுவைப் பிரித்தல்

வரும் மனு ஒவ்வொன்றையும் மூன்று கேள்விகளால் சோதிக்கலாம். இது ஒருவருடைய குறையா, ஊருடைய குறையா? இதைத் தீர்க்கும் அதிகாரம் எந்த அலுவலருக்கு இருக்கிறது? அவரிடம் ஏற்கெனவே மனு கொடுக்கப்பட்டிருக்கிறதா, கொடுத்திருந்தால் என்ன பதில் வந்தது? மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் விடை இருக்காது. மனுதாரர் கிராம நிர்வாக அலுவலரிடம் வாய்மொழியாகச் சொல்லியிருப்பார். ஒப்புகைச் சீட்டு இருக்காது. தேதியும் பதிவெண்ணும் இல்லாத குறையைப் பேரவையில் எழுப்பினால் ‘அத்தகைய மனு எதுவும் பெறப்படவில்லை’ என்ற ஒரே வரியில் அமைச்சர் முடித்துவிடலாம். எனவே ஒப்புகை இல்லாத மனுவை முதலில் முறையாகப் பதிய வைக்க வேண்டும். திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள், மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டம், பசலி ஆண்டு ஜூன் 30-இல் முடிவதையொட்டி வட்டந்தோறும் நடக்கும் ஜமாபந்தி ஆகிய மூன்றும் இதற்கு ஏற்ற இடங்கள். ஜமாபந்தியில் கிராமக் கணக்குகள் மேசை மேல் இருக்கும். கிராம நிர்வாக அலுவலரும் எதிரில் இருப்பார். பட்டா தொடர்பான குறைக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது.

தனி ஒருவரின் குறை பேரவைக்கு ஏற்றதல்ல. ஆனால் ஒரே மாதிரியான முப்பது தனிக் குறைகள் சேர்ந்தால் அது நிர்வாகக் குறை. அலுவலகத்தில் ஒரு பதிவேடு வைத்து ஊர், பொருள், அலுவலகம், தேதி என்று எழுதிவந்தால் ஆறு மாதத்தில் தொகுதியின் உண்மையான நிலை அதில் தெரியும். பேரவையில் கேட்க வேண்டிய கேள்விகள் அந்தப் பதிவேட்டிலிருந்துதான் பிறக்க வேண்டும்.

சாலை

நான்கு பொருள்களில் எளிதாகத் தோன்றுவதும் அதிகமாகத் தவறுவதும் சாலைதான். காரணம், பார்வைக்கு ஒரே தாராக இருக்கும் சாலைக்கு உடையவர்கள் பலர். மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதர சாலை மூன்றும் நெடுஞ்சாலைத் துறையைச் சேர்ந்தவை. ஊராட்சி ஒன்றியச் சாலையும் கிராம ஊராட்சிச் சாலையும் ஊரக வளர்ச்சித் துறையைச் சேர்ந்தவை. பேரூராட்சி, நகராட்சி எல்லைக்குள் போனால் அதே சாலை நகராட்சி நிர்வாகத்திடம் போய்விடும். ஆற்றங்கரை, வாய்க்கால் கரைச் சாலைகள் நீர்வளத் துறையுடையவை. மலைக்கிராமச் சாலை வனத்துறை நிலத்தில் போகலாம். தேசிய நெடுஞ்சாலையாக இருந்தால் அதைப் பராமரிப்பது தேசிய நெடுஞ்சாலை ஆணையமா, மாநில நெடுஞ்சாலைத் துறையின் தேசிய நெடுஞ்சாலை அலகா என்று இன்னொரு பிரிவும் உண்டு. பத்து கிலோமீட்டர் சாலையில் மூன்று துறைகள் வருவது சாதாரணம். நெடுஞ்சாலை அமைச்சரிடம் ஊராட்சி ஒன்றியச் சாலையைப் பற்றிக் கேட்டால் ‘அது என் துறையில் வராது’ என்பார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கும்.

அதனால் சாலைக் கேள்வியில் நான்கு விவரங்கள் கட்டாயம் இருக்க வேண்டும்: சாலையின் அதிகாரப்பூர்வமான பெயர், வகைப்பாடு, எந்தக் கிலோமீட்டரிலிருந்து எந்தக் கிலோமீட்டர் வரை பழுது, கடைசியாக எந்த ஆண்டு எந்தத் திட்டத்தில் போடப்பட்டது. கடைசி விவரம் முக்கியமானது. பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட சாலையை ஒப்பந்ததாரரே 5 ஆண்டுகள் பராமரிக்க வேண்டும். அந்தக் காலத்துக்குள் பெயர்ந்த சாலைக்குப் புதிய நிதி கேட்பது ஒப்பந்ததாரருக்குச் செய்யும் உபகாரம். கேட்க வேண்டிய கேள்வி, அவர்மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்பதே.

ஊராட்சி ஒன்றியச் சாலையை மாவட்ட இதர சாலையாகத் தரம் உயர்த்தக் கோருவது பேரவையில் அடிக்கடி கேட்கும் கோரிக்கை. அதன் தர்க்கம் நியாயமானது: ஒன்றியத்தின் நிதியால் தாங்க முடியாத போக்குவரத்து ஒரு சாலையில் ஓடும்போது அதை நெடுஞ்சாலைத் துறை ஏற்க வேண்டும். அப்படிக் கேட்கும் முன் ஒன்றியக் குழு அந்தச் சாலையை ஒப்படைக்கத் தீர்மானம் போட்டிருக்கிறதா, சாலைக்குப் போதிய அகலம் இருக்கிறதா, பேருந்து ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தீர்மானம் இல்லாமல் கேட்கப்படும் தரம் உயர்வு அடுத்த கூட்டத்தொடரிலும் அப்படியே கேட்கப்படும்.

மலைக்கிராமங்களுக்குத் தனி வழி இருக்கிறது. காட்டு நிலத்தில் சாலை போட வனப் பாதுகாப்புச் சட்டப்படி ஒன்றிய அரசின் அனுமதி வேண்டும் என்ற பதில் பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வருகிறது. ஆனால் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, சாலை, பள்ளி, குடிநீர்க் குழாய் போன்ற வசதிகளுக்காக ஒவ்வோர் இடத்திலும் 1 ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தைத் தருவதற்கு இடம் கொடுக்கிறது. ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். ஜவ்வாது மலையிலோ கல்வராயன் மலையிலோ உள்ள ஒரு சிற்றூரின் இணைப்புச் சாலைக்கு இந்தப் பிரிவு பொருந்துமானால், ‘வனத்துறை தடுக்கிறது’ என்ற புகாரைவிட ‘3(2) பிரிவின்கீழ் கிராம சபை அனுப்பிய பரிந்துரை எந்த நிலையில் உள்ளது’ என்ற கேள்வி வேலை செய்யும்.

தேசிய நெடுஞ்சாலையைப் பொறுத்தவரை பேரவையில் கேட்கக்கூடியது, ‘ஒன்றிய அரசை மாநில அரசு வலியுறுத்துமா’ என்ற அளவுக்குத்தான். மேம்பாலம், சுரங்கப்பாதை, சுங்கச்சாவடி ஆகியவற்றில் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரோடு சேர்ந்து போவதே பயன் தரும். இருவரும் வேறு வேறு கட்சியாக இருந்தால் இது நடப்பதில்லை. பாதிக்கப்படுவது சாலையைக் கடக்கிற பள்ளிப் பிள்ளைகள்.

நிலம்

நிலக் குறைகளில் மிகப் பெரும்பகுதி பட்டாவில் உள்ள பிழை. 1979 முதல் 1987 வரை தமிழ்நாடு முழுவதும் நடந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், கிராம மக்கள் வாயில் ‘யூடிஆர்’ என்று வழங்கும் அந்தப் பணியில், பெயர் மாற்றமும் பரப்பு மாற்றமும் புல எண் மாற்றமுமாகப் பிழைகள் ஏறின. பாட்டன் பெயரில் இருந்த நிலம் பங்காளி பெயருக்குப் போனது. பட்டா நிலம் புறம்போக்கானது. விற்கும்போதோ பாகம் பிரிக்கும்போதோதான் பலருக்கு இது தெரியவந்தது. அதற்குள் இரண்டு தலைமுறை கடந்துவிட்டது.

தனிப்பட்ட பட்டாப் பிழைக்கு வழி 1983-ஆம் ஆண்டின் பட்டா பாஸ் புத்தகச் சட்டத்தில் இருக்கிறது. வட்டாட்சியரின் ஆணைக்கு எதிராகக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு. அதன்பின் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. உடைமை யாருக்கு என்ற தகராறாக இருந்தால் உரிமையியல் நீதிமன்றம். உறுப்பினர் அலுவலகம் செய்யக்கூடிய பெரிய உதவி, மனுதாரருக்கு அ-பதிவேடு, புலப்படம், பழைய அடங்கல், வில்லங்கச் சான்று ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்துச் சரியான அலுவலரிடம் அனுப்பி வைப்பது. இரு தரப்பும் தொகுதி வாக்காளர்களாக இருக்கும் தகராறில் ஒரு தரப்புக்காக வட்டாட்சியரைத் தொலைபேசியில் அழைப்பது கூடாது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அரசியலாகவும் அது நட்டம்.

பேரவைக்கு உரியவை வேறு. ஒரு வட்டத்தில் உட்பிரிவுப் பட்டா மனுக்கள் மாதக்கணக்கில் நிற்கின்றன என்றால் அங்கே நில அளவர் பணியிடங்கள் காலியாக இருக்கும், அது கேள்வி. ஒரு கிராமத்தின் குடியிருப்பு முழுவதும் மேய்க்கால் புறம்போக்காகவோ வண்டிப்பாதையாகவோ பதிவாகி, அறுபது ஆண்டுகளாகக் குடியிருப்பவர்களுக்கு வீட்டுமனைப் பட்டா தர முடியவில்லை என்றால், வகைப்பாடு மாற்றம் அரசின் கொள்கை முடிவு, அது கேள்வி. கோயில் நிலத்தில் தலைமுறைகளாகக் குடியிருப்போரின் வாடகை நிர்ணயம் அறநிலையத் துறையின் பொருள். வருவாய்த் துறையின் மானியக் கோரிக்கை விவாதத்தில் பேசினால் பயனில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் உறுப்பினர் வாக்குக் கொடுக்கவே கூடாது. ஏரி, குளம், வாய்க்கால் புறம்போக்கில் உள்ள வீடுகளுக்குப் பட்டா. 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டமும் உயர் நீதிமன்றத்தின் தொடர்ந்த ஆணைகளும் அதற்கு இடம் தருவதில்லை. தேர்தல் நேரத்தில் கொடுக்கப்படும் அந்த வாக்கு, இடிப்பு அறிவிப்பு வரும் நாளில் அந்தக் குடும்பங்களை மாற்று இடம்கூடக் கேட்காமல் நிறுத்திவிடுகிறது. மாற்று மனையும் மறுகுடியமர்வும் கேட்பதே அங்கே நேர்மையான கோரிக்கை.

நில எடுப்பில் காலமே எல்லாம். தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் 1956-இன் கீழ் 3A அறிவிக்கை வெளியான 21 நாட்களுக்குள் நில உடைமையாளர் ஆட்சேபணை தெரிவிக்க வேண்டும். 3D அறிவிக்கை வந்துவிட்டால் நிலம் ஒன்றிய அரசைச் சேர்ந்துவிடும். அதன்பின் மிச்சம் இருப்பது இழப்பீட்டுத் தொகையைப் பற்றிய வழக்கு மட்டுமே. பேரவை கூடும் வரை காத்திருக்கும் உறுப்பினர் இந்த 21 நாட்களைத் தவறவிட்டிருப்பார். விஷயம் நீதிமன்றத்துக்குப் போய்விட்டால் பேரவையில் அதன் விவரங்களைப் பேச விதிகள் தடுக்கும். சேலம்–சென்னை எட்டு வழிச் சாலைக்கான நில எடுப்பை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. இதுபோன்ற வழக்கு நிலுவையில் இருக்கும் காலத்திலும் இழப்பீட்டுக் கொள்கை, மரங்களுக்கும் கிணறுகளுக்கும் மதிப்புக் கணக்கிடும் முறை போன்ற பொதுப் பொருள்களைப் பேசத் தடை இல்லை.

உதவித்தொகை

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962-இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. 2023 ஆகஸ்டிலிருந்து 1,200 ரூபாய். ஒன்றிய அரசின் பங்கு 60 முதல் 79 வயது வரை 200 ரூபாயும், 80 வயதுக்கு மேல் 500 ரூபாயும்தான். மீதி மாநிலத்தின் பணம். தொகையை உயர்த்த வேண்டும் என்று பேசுபவர் இந்தப் பங்கீட்டைத் தெரிந்து பேச வேண்டும். இல்லையெனில் மாநில அமைச்சர் ஒன்றியத்தைச் சுட்டுவார். ஒன்றிய அமைச்சர் மாநிலத்தைச் சுட்டுவார்.

மனுக்களில் வருவது தொகையைப் பற்றியதல்ல. வராமல் நின்றதைப் பற்றியது. கள ஆய்வில் தகுதியற்றவர் என்று நீக்கப்பட்டிருக்கலாம். ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் பெயர் பொருந்தாமல் இருக்கலாம். உயிரோடிருப்பவரை இறந்தவர் என்று எழுதியதும் உண்டு. வங்கி முகவர் ஊருக்கு வராததால் படுக்கையில் கிடப்பவர் பணத்தை எடுக்க முடியாமலும் போகலாம். நான்கிற்கும் மருந்து வேறு. சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரின் அலுவலகத்தில் காரணத்தை எழுத்தில் வாங்குவதே முதல் படி. பேரவையில் கேட்க வேண்டியது மொத்த எண்ணிக்கையில்: வட்டத்தில் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு ஆணை, எத்தனை பேர் தகுதி இருந்தும் காத்திருக்கிறார்கள், கடந்த ஓராண்டில் எத்தனை பேர் நீக்கப்பட்டார்கள், என்ன காரணத்தால். இப்படி வகை பிரித்துக் கேட்டால் மாவட்ட நிர்வாகம் பட்டியலைத் திரட்டியே ஆக வேண்டும். திரட்டும்போதே சில பெயர்கள் சரியாகிவிடும். கேள்வி பேரவையில் எடுக்கப்படாமல் போனாலும்கூட.

1.4.2003-க்குப் பின் பணியில் சேர்ந்த அரசு ஊழியர்களின் ஓய்வூதியம் நிதித்துறையின் கொள்கைப் பொருள். போக்குவரத்துக் கழக ஓய்வூதியர்கள், சத்துணவுப் பணியாளர்கள் ஆகியோரின் கோரிக்கைகளும் அவ்வாறே. இவற்றைத் தொகுதி மனுக்களோடு கலக்காமல் வரவு செலவுத் திட்டப் பொது விவாதத்தில் வைப்பது முறை.

வேளாண்மை

2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் முதன்முறையாக வேளாண்மைக்கெனத் தனி நிதிநிலை அறிக்கை தாக்கல் செய்யப்பட்டது. அதைப் பார்த்து விவசாயிகளின் குறை எல்லாம் வேளாண்மைத் துறையில் அடங்கும் என்று கருதினால் ஏமாற்றமே. நேரடி நெல் கொள்முதல் நிலையங்களை நடத்துவது நுகர்பொருள் வாணிபக் கழகம். அது உணவுத் துறையின் கீழ் வருகிறது. பயிர்க் கடன் கூட்டுறவுத் துறை. ஏரியின் ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறை. குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். பம்புசெட் இணைப்பு மின்வாரியம். காட்டுப்பன்றி வனத்துறை. பயிர்ச் சேத நிவாரணம் வருவாய்த் துறை. வேளாண்மைத் துறையிடம் மிஞ்சுவது விதை, உர விநியோகக் கண்காணிப்பு, பயிர்க் காப்பீடு, மானியத் திட்டங்கள் போன்றவை.

டெல்டாத் தொகுதிகளில் எல்லாவற்றுக்கும் மேலானது கொள்முதல். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கும் நெல்லை எடுக்கக் கூடாது என்பது ஒன்றிய அரசின் விதி. அறுவடைக் காலத்தில் மழை பெய்தால் இந்த வரம்பைத் தளர்த்துமாறு மாநில அரசு எழுதும். ஒன்றியத்திலிருந்து குழு வந்து மாதிரி எடுக்கும். ஆணை வருவதற்குள் களத்தில் குவிந்த நெல் முளைத்துவிடும். ஆகவே ஈரப்பதத் தளர்வைப் பற்றிய கேள்வி, மழைக்குப் பின் எழுப்பப்பட்டால் தாமதமானது. அதைவிட உடனடியாக மாநிலத்தின் கையில் இருப்பவை உண்டு: நிலையங்களின் எண்ணிக்கை, அவை திறக்கும் தேதி, சாக்கு, சணல், தார்ப்பாய், நாளொன்றுக்கு எடுக்கும் மூட்டைகள், கிடங்குக்கு நகர்த்தும் லாரிகள், மூட்டைக்கு இவ்வளவு என்று கேட்கப்படும் கையூட்டு. கையூட்டைப் பற்றிப் பேசத் தயங்கும் உறுப்பினர் கொள்முதலைப் பற்றிப் பேசாமலே இருக்கலாம். விவசாயியின் மனத்தில் முதலில் நிற்பது அதுதான்.

காலக் கணக்கும் இங்கே முக்கியம். சம்பா அறுவடை தை, மாசியில் வருவதால் ஆளுநர் உரைக் கூட்டத்தொடரும் நிதிநிலைக் கூட்டத்தொடரும் அதற்கு அருகிலேயே அமையும். குறுவை அறுவடை நடக்கும் புரட்டாசி, ஐப்பசியில் பேரவை கூடாமலும் இருக்கலாம், கூடினாலும் சில நாட்களே. குறுவைக் குறைக்கு அமைச்சருக்கு நேரடிக் கடிதமும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளும்தான் வழி.

பயிர்ச் சேதத்தில் இரண்டு பணங்களை விவசாயிகளும் சில சமயம் உறுப்பினர்களும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமான பயிருக்கு, வருவாய், வேளாண்மைத் துறையினரின் கூட்டுக் கணக்கெடுப்பின்படி பேரிடர் நிவாரண நிதியிலிருந்து வருவது நிவாரணம். பயிர் அறுவடைப் பரிசோதனையில் கிராமத்தின் சராசரி விளைச்சல் குறைந்தால் காப்பீட்டு நிறுவனம் தருவது இழப்பீடு. பக்கத்து கிராமத்துக்கு வந்து இந்தக் கிராமத்துக்கு வரவில்லை என்ற புகார் பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றியது. அங்கே கேட்க வேண்டியது பரிசோதனை நடந்த வயல்கள், தேதிகள், விளைச்சல் புள்ளிகள். குறுவைப் பயிர் சில ஆண்டுகள் காப்பீட்டு அறிவிக்கையிலேயே இடம்பெறாமல் போனது. அந்த ஆண்டுகளில் காப்பீட்டைக் கேட்பதே பொருந்தாது, அறிவிக்கையில் சேர்க்கச் சொல்வதே பொருந்தும்.

பல தொகுதிகளின் குறை சேர்ந்து கொள்கையாக மாறியதற்குக் காட்டுப்பன்றி நல்ல உதாரணம். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலும் பிற மாவட்டங்களிலும் உள்ள உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி ஆண்டுக்கணக்கில் இதை எழுப்பினார்கள். 2025 ஜனவரியில் அரசு ஆணை பிறப்பித்தது: காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினர் சுடலாம், 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. ஒரு தொகுதியின் குரலாக மட்டும் இருந்திருந்தால் இது இவ்வளவு தூரம் வந்திருக்காது. ஒரே குறை உள்ள தொகுதிகளின் உறுப்பினர்களைத் தேடிச் சேர்ப்பது, தனியாக உரக்கப் பேசுவதைவிடப் பலன் தரும்.

பேரவையின் கருவிகள்

பேரவை அலுவல் தொடங்கும் முதல் ஒரு மணி நேரம் கேள்வி நேரம். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் வாய்மொழியாக விடை சொல்வார். துணைக் கேள்வி கேட்கலாம். குறியிடாத கேள்விக்கு எழுத்தில் விடை வரும். தொகுதி விவரம் வேண்டும் என்றால் இரண்டாவதே மேல். ஆனால் உறுப்பினர்களுக்கு முதலாவதில்தான் ஆசை. 2022 ஜனவரியிலிருந்து கேள்வி நேரம் நேரலையாக ஒளிபரப்பாவதும் அதற்கு ஒரு காரணம்.

கேள்வியின் வாசகம் ‘அரசு முன்வருமா?’, ‘ஆவன செய்யுமா?’ என்று முடிவது பேரவை மரபு. அந்த வாசகத்துக்கு ‘இல்லை’ என்ற ஒரு சொல் போதும் விடையாக. அதைப் பகுதி பிரித்து எழுதினால் விடையும் பகுதி பகுதியாக வர வேண்டியிருக்கும். ஒரு சாலைக்கு இப்படி எழுதலாம்:

(அ) இன்ன ஒன்றியத்தில் இன்ன ஊரிலிருந்து இன்ன ஊர் வரையுள்ள ஊராட்சி ஒன்றியச் சாலை கடைசியாக எந்த ஆண்டில், எந்தத் திட்டத்தில் போடப்பட்டது?
(ஆ) அச்சாலையை மாவட்ட இதர சாலையாகத் தரம் உயர்த்த ஒன்றியக் குழு அனுப்பிய தீர்மானம் எந்த நிலையில் உள்ளது?
(இ) தரம் உயர்த்த இயலாது எனில் அதற்கான காரணம் என்ன?

துணைக் கேள்வியில் பொதுப் பேச்சுக்கு இடம் கொடுக்கக் கூடாது. பேரவைத் தலைவர் ‘கேள்விக்கு வாருங்கள்’ என்று சொல்லும் நிலைக்கு வந்தவர் தன் வாய்ப்பை இழந்தவர்.

அண்மையில் நடந்த, திட்டவட்டமான, பொது முக்கியத்துவம் உள்ள நிகழ்ச்சிக்குக் கவன ஈர்ப்புத் தீர்மானம். பாலம் உடைந்தது, ஒரே இரவில் மழையில் ஆயிரக்கணக்கான மூட்டை நனைந்தது போன்றவை இதற்குப் பொருந்தும். பத்தாண்டாகப் பழுதாகக் கிடக்கும் சாலை பொருந்தாது. நேரமில்லா நேரத்தில் பேரவைத் தலைவரின் அனுமதியோடு சுருக்கமாக எழுப்பலாம். அதற்கு உடனடி விடை எதிர்பார்க்க முடியாது.

எல்லாவற்றிலும் பெரிய வாய்ப்பு மானியக் கோரிக்கை விவாதம். துறை அமைச்சர் கொள்கை விளக்கக் குறிப்பை வைப்பார். உறுப்பினர்கள் வெட்டுத் தீர்மானம் கொடுத்துப் பேசுவார்கள். இறுதியில் அமைச்சர் பதிலுரையோடு புதிய அறிவிப்புகளை வெளியிடுவார். தொகுதிக்குச் சாலையோ தடுப்பணையோ வருவது பெரும்பாலும் இந்த அறிவிப்புகளில்தான். அவை விவாத நாளில் முடிவாவதில்லை. வாரங்களுக்கு முன்பே துறையில் பட்டியலாகிவிடும். எனவே கோரிக்கை மதிப்பீட்டோடு அமைச்சரிடம் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கிடைக்கும் சில நிமிடங்களில் பாதியைத் தலைவர்களைப் போற்றவும் மீதியில் பாதியை எதிர்க்கட்சியைச் சாடவும் செலவிடுவது எல்லாக் கட்சியிலும் வழக்கமாக இருக்கிறது. தொகுதிக்குக் கிடைப்பது கடைசி அரை நிமிடம். அது மணி அடித்த பிறகு அவசர அவசரமாக வாசிக்கப்படும் ஊர்ப்பெயர்ப் பட்டியல்.

பேரவைக்கு வெளியிலும் கருவிகள் உண்டு. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். சிறு பாலம், அங்கன்வாடிக் கட்டடம், நெல் உலர்த்தும் களம் போன்றவற்றுக்கு அது போதும், சாலை வலைப்பின்னலுக்குப் போதாது. 2022 ஆகஸ்டில் முதலமைச்சர் 234 உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதி, தொகுதியில் நீண்ட காலமாக நிறைவேறாத 10 கோரிக்கைகளை மாவட்ட ஆட்சியரிடம் தரச் சொன்னார். மனுப் பதிவேடு வைத்திருந்த உறுப்பினருக்கு அந்தப் பத்தைத் தேர்வது எளிது. வைத்திருக்காதவர் அருகில் இருந்தவர்கள் சொன்னதை எழுதியிருப்பார். பேரவையின் மனுக்கள் குழு மாவட்டங்களுக்கு வந்து பொதுமக்களிடம் மனு பெறுவதும் உண்டு. பல ஆண்டுகளாகத் தீராத பொதுப் பிரச்சினை, ஒரே துறையைச் சேர்ந்த ஒரே பொருள் என்பது அதன் விதி. தனிநபர் பட்டா, முதியோர் ஓய்வூதியம், வேலைவாய்ப்பு, வங்கிக் கடன், நீதிமன்றத்தில் உள்ள பொருள் ஆகியவற்றை அந்தக் குழு ஏற்பதில்லை. ஊர்ப் பாலத்தையும் சொந்தப் பட்டாவையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்த மனு தள்ளுபடியாகும்.

விடை வந்த பிறகு

அமைச்சரின் விடைகள் சில வாய்பாடுகளில் அமையும். ‘அத்தகைய கருத்துரு எதுவும் அரசின் பரிசீலனையில் இல்லை’ என்றால், மாவட்டத்திலிருந்து மதிப்பீடு சென்னைக்குப் போகவில்லை என்று பொருள். கோட்டப் பொறியாளரையோ வட்டார வளர்ச்சி அலுவலரையோ பார்த்து மதிப்பீட்டை அனுப்ப வைக்க வேண்டும். ‘நிதி நிலைமைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்’ என்பது மறுப்பின் மரியாதையான வடிவம். ‘இந்த நிதியாண்டிலேயே எடுத்துக்கொள்ளப்படும்’ என்பது உறுதிமொழி. இதைத் தேதியோடு குறித்து வைக்க வேண்டும். ஏனெனில் அவையில் தந்த உறுதிமொழிகள் நிறைவேறினவா என்று பார்க்க அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. அந்தக் குழுவின் கவனத்துக்கு எழுத்தில் கொண்டுபோகிற உறுப்பினர்கள் சிலரே.

பேரவை விதிகளில் 110-ஆவது விதியின்கீழ் வரும் அறிவிப்புகளுக்கும் இதே கவனம் வேண்டும். அந்த அறிக்கைமீது அவையில் விவாதம் கிடையாது. ஆனால் அறிவிப்புக்குப் பின் அரசாணை, நிர்வாக ஒப்புதல், நிதி ஒதுக்கீடு, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை என்று நீண்ட வரிசை இருக்கிறது. எந்தப் படியில் நின்றுவிட்டது என்று அடுத்த கூட்டத்தொடரில் கேட்கலாம். நாளிதழில் ‘எம்.எல்.ஏ. கோரிக்கை ஏற்பு’ என்று வந்த செய்தி அரசாணையாகாது. அரசாணை எண்ணும் தேதியும் கையில் இருந்தால்தான் ஊரில் சொல்லலாம்.

மனு கொடுத்தவருக்குப் பதில் போக வேண்டும். நடக்காது என்றாலும் ஏன் நடக்காது, அடுத்து எங்கே போக வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது அலுவலகத்தின் கடமை. நடக்காததை நடக்கும் என்று சொல்லி அலைய விடுவதைக் காட்டிலும் மக்கள் இதை மதிக்கிறார்கள்.

பேரவையின் ஐந்தாண்டுக் காலம் முடிந்தோ இடையிலோ அது கலைக்கப்படும்போது, விடை வராத கேள்விகளும் எடுத்துக்கொள்ளப்படாத கவன ஈர்ப்பு அறிவிப்புகளும் காலாவதியாகிவிடும். அடுத்து வரும் உறுப்பினர், அதே ஆளாக இருந்தாலும், அவற்றைப் புதிதாகக் கொடுக்க வேண்டும். பழைய மனுப் பதிவேட்டின் நகலை அவரிடம் ஒப்படைக்கச் சொல்லும் விதி எதுவும் இல்லை. இருந்தாலும் ஒப்படைத்துவிட வேண்டும்.